பழைய லேப்டாப்: எந்த விண்டோஸ், எந்த ஆன்டிவைரஸ், முதலில் எதற்குக் காசு?

கேள்வி: எங்கள் வீட்டு லேப்டாப் 2017-இல் வாங்கியது. ஐ3-6006யூ பிராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு டீ போட்டு எடுத்து வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிந்துவிட்டது என்று எச்சரிக்கை வேறு. கணவர் டேலி பிரைமில் கடைக் கணக்கு எழுதுகிறார். மகள் பி.காம். படிக்கிறாள். நான் எங்கள் சங்க மலருக்குப் பாமினி எழுத்துருவில் டைப் செய்து கொடுக்கிறேன். பிரிண்டர் கேனான் எல்பிபி 2900. சர்வீஸ் கடையில் விண்டோஸ் 11, ஒரு ஆன்டிவைரஸ், ஒரு 'பிசி ட்யூன்-அப்' மூன்றும் சேர்த்து பேக்கேஜ் சொல்கிறார்கள். என் அக்கா பையன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடச் சொல்கிறான். இப்போது லேப்டாப்பில் காலாவதியான ஆன்டிவைரஸ் ஒன்றும் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றும் இருக்கின்றன. எதை வைப்பது, எதை எடுப்பது, எதை வாங்குவது?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் பின்னிக் கிடக்கின்றன. லேப்டாப் மெதுவாக ஓடுவது ஒன்று. விண்டோஸ் 10-க்கு ஆதரவுக் காலம் முடிந்தது இன்னொன்று. கடையில் சொன்ன பேக்கேஜில் முதல் தொல்லைக்கு மருந்தே இல்லை. இருக்கிற 4 ஜிபி ராமில் விண்டோஸ் 11, ஆன்டிவைரஸ், ட்யூன்-அப் மூன்றும் ஏறி உட்கார்ந்தால் டேலிக்கு உட்கார இடமிருக்காது. அந்தப் பணத்தை, ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் மாட்டும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கும் ராமுக்கும் போடுங்கள். சாப்ட்வேருக்கு இப்போதைக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

நோய் எங்கே என்று நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க்கைத் தொடுங்கள். ஆன் செய்த முதல் பத்து நிமிடம் 'ஆக்டிவ் டைம்' 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டு, படிக்கும் வேகம் மட்டும் வினாடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று நொண்டினால் குற்றவாளி டிஸ்க்தான். அந்தக் காலத்து லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய துண்டு, படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகரும் நேரத்தையும் கூட்டினால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளில் வினாடிக்கு அறுபது, எழுபதுதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கில் கேட்கிறது. இதன் நடுவே இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒவ்வொரு கோப்பையும் தாங்களும் ஒருமுறை திறந்து பார்க்கின்றன. டீ என்ன, சமையலே முடித்துவிட்டு வரலாம்.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட வினாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைத் தரும். வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா வகை, 7 மி.மீ. தடிமன், 480 அல்லது 500 ஜிபி. பெயர் தெரிந்த கம்பெனியாக இருக்கட்டும், பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். 'என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இன்னும் வேகமானது, அதைப் போடலாம்' என்று யாராவது சொன்னால், உங்கள் மாடலில் அதற்கான இடம் இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து பார்த்த பிறகே தலையாட்டுங்கள். எம்.2 என்ற, குச்சி வடிவ எஸ்எஸ்டிக்கான பொருத்துமிடம் இருந்தாலும் அது சாட்டாவை மட்டும் ஏற்கும் வகையாக இருக்கலாம்.

ராம் 8 ஜிபி ஆக வேண்டும். அதே டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் வேகம் என்ன என்றும் எழுதியிருக்கும். 2133 என்றால் டிடிஆர்4, 1600 என்றால் டிடிஆர்3எல். உங்கள் பிராசஸர் இரண்டையும் ஏற்கும். ஆனால் மதர்போர்டில் இருப்பது ஏதோ ஒன்றுதான், மாற்றி வாங்கினால் பள்ளத்தில் உட்காராது. டிடிஆர்3 வகை என்றால் கடைசியில் அந்த 'எல்' இருக்கிறதா என்று பாருங்கள். 1.35 வோல்ட்டில் ஓடுவது அது. எல் இல்லாத பழைய 1.5 வோல்ட் ராம் பள்ளத்தில் பொருந்தும், லேப்டாப் மட்டும் எழுந்திருக்காது.

இந்த இரண்டையும் செய்தாலே லேப்டாப் புதிதாக வாங்கியது போல நடக்கும். மின்விசிறித் தூசியைத் தட்டித் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள், எப்படியும் மூடியைத் திறக்கத்தானே போகிறார்கள்.

திறப்பதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை உண்டு. டேலி லைசென்ஸ் அந்தக் கணினியோடு கட்டிப் போடப்பட்டது. டிஸ்க்கை மாற்றிவிட்டு நேரே டேலியைத் திறந்தால் லைசென்ஸ் செல்லாது, எஜுகேஷனல் மோட் என்று வந்து நிற்கும். அதில் மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளுக்கு மட்டும்தான் வவுச்சர் போட முடியும். எனவே டிஸ்க்கைக் கழற்றும் முன்பே டேலியில் எஃப்1 உதவி மெனுவுக்குள் லைசென்ஸ் பகுதியில் 'சரண்டர்' கொடுத்துவிடுங்கள். புதிய எஸ்எஸ்டியில் டேலியை நிறுவியதும் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். பதிவு செய்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கைவசம் இருக்கின்றனவா என்று முதலிலேயே உங்கள் கணவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் அது லைசென்ஸ் விற்றவரின் மின்னஞ்சலாக இருக்கும், அதை மாற்றவே இரண்டு நாள் ஆகும். கணக்குத் தரவுக்கு டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப்பை எடுங்கள். அது போக, எண்களையே பெயராகக் கொண்ட அந்தக் கம்பெனி ஃபோல்டர்களையும் அப்படியே வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள்.

உங்கள் பங்குக்கு எழுத்துருக்கள். பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் சங்க மலர் முழுக்கப் புரியாத ஆங்கிலமாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியையும் நீங்கள் பயன்படுத்தும் மற்ற பழைய எழுத்துருக்களையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டைப் செய்ய உதவும் சாப்ட்வேர் எது என்றும் குறித்து வையுங்கள்.

அடுத்து இயங்குதளம். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிப்பது, விதிவிலக்கான சிலவற்றைத் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து. உங்களுடையது ஆறாம் தலைமுறை. ஐ3-6006யூ என்பதில் கோட்டுக்கு அடுத்த முதல் இலக்கம் அதுதான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறார்கள். உங்கள் லேப்டாப்பின் துவக்க அமைப்பான பயாஸில் 'இன்டெல் பிடிடி' என்ற பெயரில் அது இருக்கக்கூடும், 'டிபிஎம் இருக்கிறது, ஏறிவிடும்' என்று கடையில் சொல்வதும் இதை வைத்துத்தான். ஆனால் டிபிஎம் இருந்தாலும் பிராசஸர் பட்டியலில் இல்லை.

ஏறுமா என்றால் ஏறும். ரூஃபஸ் போன்ற கருவியில் இந்தச் சோதனைகளை நீக்கி யுஎஸ்பி தயாரித்தால் ஐந்து நிமிட வேலை. சிக்கல் பிறகுதான் வரும். தகுதியில்லாத கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் உட்பட எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுத்தில் சொல்லியிருக்கிறது. மாதாந்திர அப்டேட்டுகள் பெரும்பாலும் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பு தானாக வராது. வீட்டுப் பயன்பாட்டு விண்டோஸ் 11-இல் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் 24 மாதம். அது முடியும் முன் மறுபடி யுஎஸ்பி போட்டு மறுபடி சோதனையை ஏமாற்றி ஏற்ற வேண்டும். பேக்கேஜ் விற்றவர் அன்றைக்குக் கூப்பிட்டால் வருவாரா? கடைக் கணக்கு இருக்கிற கணினியில் இந்தக் கண்ணாமூச்சி வேண்டாம் என்பது என் கருத்து.

உங்களுக்கு இப்போதைக்குச் சரியான வழி விண்டோஸ் 10-இலேயே நின்று, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேருவது. இஎஸ்யு என்பார்கள். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், நிர்வாகி உரிமையுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு இருக்கும். 30 டாலர் கட்டலாம், 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப் மூலம் உங்கள் செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசே வேண்டாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கூடவே டாக்குமென்ட்ஸ், படங்கள் ஆகியவற்றையும் ஒன்டிரைவில் ஏற்றட்டுமா என்று கேட்கும். அங்கே இலவச இடம் 5 ஜிபிதான், அவற்றை அணைத்துவிட்டு செட்டிங்ஸை மட்டும் விடுங்கள்.

அந்தத் தேதிக்குள் டேலிக்கென்று எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு கணினியைப் பார்த்து வைக்க வேண்டியிருக்கும். புதிதாகத்தான் வேண்டும் என்பதில்லை, அலுவலகங்கள் கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு லேப்டாப்புகளில் நல்லவை கிடைக்கின்றன. மாடல் பெயரை நம்பாதீர்கள். பார்க்க ஒன்றாகவே இருக்கும் திங்க்பேடு டி470 ஆறாம், ஏழாம் தலைமுறை. டி480 பெரும்பாலும் எட்டு, சில மட்டும் ஏழு. கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி 'சிஸ்டம்' பக்கத்தில் பிராசஸர் எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது ஏதோ ஒரு கம்பெனிப் பெயரைக் காட்டி அதன் மின்னஞ்சலைக் கேட்டால் அது பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் விடாத இயந்திரம். விலை எவ்வளவு குறைந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

லினக்ஸ் பற்றி உங்கள் அக்கா பையன் சொன்னது தப்பில்லை. தமிழ்நாட்டில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் தயாரித்தது அது. திறந்துகூடப் பார்க்காமல் விட்டவர்கள்தான் அதிகம். உங்கள் லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் பொருத்தம். 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ராமை 8 ஜிபி ஆக்கிய பிறகு சினமன் பதிப்பு, 4 ஜிபியிலேயே விடுவதானால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பொருள்கள் வழிமறிக்கின்றன. டேலி விண்டோஸுக்கான சாப்ட்வேர். ஒயின் என்ற இடைப்பொருளில் ஓட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி இரவில் அது நின்றுவிட்டால் யாரைக் கேட்பது? இரண்டாவது, உங்கள் கேனான் எல்பிபி 2900. உழைப்புக்குப் பேர்போன பிரிண்டர்தான், ஆனால் அது பேசுவது 'கேப்ட்' என்ற கேனானின் சொந்த மொழி. லினக்ஸுக்கு கேனான் கொடுத்த டிரைவர் பழசு, 32 பிட் துணைக் கோப்புகளைத் தேடி நிறுவினால்தான் உயிர் வரும், அப்டேட் ஒன்று வந்தால் மறுபடி படுத்துவிடும். எச்பி பிரிண்டர் என்றால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இருக்காது. எப்சன் எல் வரிசைக்கும் லினக்ஸ் டிரைவர் கிடைக்கிறது.

தமிழ் டைப்பிங் லினக்ஸில் ஒரு தடையே இல்லை. ஐபஸ் உள்ளீட்டில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு எல்லாம் வரும். பாமினி கோப்புகளைப் படிக்க எழுத்துரு கோப்பை வீட்டு ஃபோல்டரில் நிறுவினால் போதும். ஆனால் புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இலும் 2019 மே பதிப்பிலிருந்து தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. அச்சகத்தார் பாமினிதான் வேண்டும் என்றால் மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. பாமினியில் வைத்த கோப்புக்குள் ஒரு பெயரைத் தேடுவதே பெரும்பாடு; யூனிகோடில் அந்தத் தொல்லை கிடையாது.

ஆகவே இன்று விண்டோஸ் 10. பின்னாளில் டேலி வேறு கணினிக்குப் போனதும், பிரிண்டரை அதில் மாட்டிவிட்டு, இந்த லேப்டாப்பை மின்டுக்கு மாற்றி மகளுக்குக் கொடுங்கள். எஸ்எஸ்டிக்கும் ராமுக்கும் போட்ட காசு அப்போதும் வீணாகாது. நிறுவாமலேயே முன்னோட்டம் பார்க்கலாம்: 8 ஜிபி பென்டிரைவில் மின்ட் கோப்பை ரூஃபஸ் மூலம் எழுதி அதிலிருந்து லேப்டாப்பைத் துவக்கினால், டிஸ்க்கைத் தொடாமல் வைஃபை, ஒலி, டச்பேடு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிடலாம். கோப்பை மின்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, அங்கே கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்தையே உடைத்து, பின்கதவு வைத்த கோப்பை ஒரு நாள் வைத்திருந்தார்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை முதலில் அணையுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸால் அந்தப் பகுதியில் எழுத முடியாது.

ஆன்டிவைரஸுக்கு வருவோம். விண்டோஸ் 10-உடன் வந்த மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரே உங்கள் வீட்டுக்குப் போதும். விண்டோஸ் 7 காலத்தில் டிஃபெண்டர் என்ற பெயரில் இருந்தது வேவு சாப்ட்வேரை மட்டும் பார்க்கும் அரைகுறை. அந்தக் கெட்ட பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதுள்ளது முழு ஆன்டிவைரஸ். வேறொரு ஆன்டிவைரஸை நிறுவினால் இது தானாக ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் இப்போது அதுதான் நடந்திருக்க வேண்டும்: காலாவதியானது காவல் காக்கவும் இல்லை, நாற்காலியை விட்டு எழவும் இல்லை. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைக் காவல் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் கோப்பு திறக்கும் பாதையிலேயே குறுக்கே நின்று ஒன்றின் வேலையை மற்றொன்று சந்தேகப்படும். வேகம் பாதியாகும், சில வேளை நீலத்திரையே வரும். புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவினால் இரண்டும் தாமே போய்விடும். பழைய நிறுவலையே தொடர்வதானால் கன்ட்ரோல் பேனலில் நீக்கிய பிறகு, அந்தந்தக் கம்பெனி தரும் பிரத்தியேக நீக்கல் கருவியையும் ஒருமுறை ஓட்டுங்கள். சாதாரண அன்இன்ஸ்டால் டிரைவர் மிச்சங்களை விட்டுவிட்டுப் போகும்.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸில் கிளவுட் பாதுகாப்பும் 'டேம்பர் புரொடெக்‌ஷ'னும் ஆன் ஆக இருக்க வேண்டும். 'ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில் 'ரெப்யூடேஷன்' செட்டிங்ஸுக்குள் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறது. பல கணினிகளில் இது அணைந்தே கிடக்கும், இலவச சாப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், போலி கிளீனர் வகைகளை நிறுத்துவது இதுதான். மூன்றாவது, ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் தீநிரல்) பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்'. ஆன் செய்தால் நீங்கள் காட்டும் ஃபோல்டர்களில் அனுமதி இல்லாத எந்த நிரலும் எழுத முடியாது. டேலி ஃபோல்டரையும் இதில் சேர்த்து, டேலியை அனுமதிப் பட்டியலில் போடுங்கள். அதை மறந்தால் வவுச்சர் சேமிக்கும்போது பிழை வரும், டேலி கெட்டுவிட்டது என்று பதறுவீர்கள். சந்தேகம் இருந்தால் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஒளிந்திருப்பதைப் பிடிக்கும். கால் மணி நேரம் போல ஆகும்.

விண்டோஸ் 10-இல் டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளத் தொகுப்பு 2028 அக்டோபர் வரை வரும். இதை வைத்துக்கொண்டு 'அப்படியானால் இஎஸ்யு எதற்கு' என்று சிலர் கேட்கிறார்கள். அப்டேட் ஓட்டையை அடைக்கும். ஆன்டிவைரஸ் ஓட்டை வழியே வந்தவரை அடையாளம் பார்க்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே உலுக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போடாதவர்கள் அடிபட்டார்கள்.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கவே கூடாதா? கடையில் நாலைந்து கணினிகளை ஒன்றாகக் கவனிக்க வேண்டும், பிள்ளைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், பிரச்சினை என்றால் போனில் பேச ஆள் வேண்டும் என்றால் வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் இரண்டும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை. ஒன்றே ஒன்று வாங்குங்கள், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையையும் முன்பே கேளுங்கள். இலவச ஆன்டிவைரஸ் எனக்கு உவப்பில்லை. பயனர்களின் இணைய உலாவல் தரவை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்ற விவகாரம் வெடித்து, அவாஸ்ட் அதை 2020-இல் மூடியது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் அதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

வீடுகளில் தொற்று வரும் வழிகளில் ஜெராக்ஸ் கடைப் பென்டிரைவை முதலில் சொல்வேன். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' காட்டச் சொன்னால் உங்கள் உண்மையான கோப்புகள் பெரும்பாலும் மங்கலாகத் தெரியும், அவற்றை நகலெடுத்துவிட்டுப் பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். அச்சிட வேண்டியதை மட்டும் போட்டுக் கொடுக்க ஒரு சின்னப் பென்டிரைவைத் தனியாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டாவது வழி, 'கிராக்' போட்ட சாப்ட்வேர். நிறுவும்போது 'ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்று எழுதியிருக்கும், நாமும் அணைப்போம். வீட்டுக் கணினிகளைக் குறிவைத்த 'ஸ்டாப்' என்ற ரான்சம்வேர் குடும்பம் பெரிதும் பரவியது இந்த வழியில்தான். கடையில் விண்டோஸ் போடும்போது காசு கொடுக்காமல் உரிமத்தை ஏமாற்றும் ஆக்டிவேட்டர் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த லேப்டாப்பில் உரிமம் மதர்போர்டோடு இணைந்திருக்கும். அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும்.

திரையின் வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ், உடனே புதுப்பிக்கவும்' என்று எட்டிப் பார்க்கிறதா? பெரும்பாலும் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்துக்குப் போனபோது 'அலவ்' அழுத்தியதால் வரும் பிரவுசர் அறிவிப்பு. குரோமில் 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய் அனுமதி பெற்ற அறிமுகமில்லாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். இதற்காகவே ஆன்டிவைரஸ் வாங்கியவர்கள் நிறைய.

பராமரிப்பு சாப்ட்வேர் வகையில் எனக்குத் தயக்கமே இல்லை: ட்யூன்-அப், ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர், ராம் பூஸ்டர் நான்கும் வேண்டாம். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும். அதில் ஆயிரம் செத்த பதிவுகளை நீக்கினால் வேகம் கூடாது, உயிருள்ள ஒன்று தவறிப் போனால் பிரிண்டரோ டேலியோ நின்றுவிடும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. சிகிளீனர் என்ற பிரபல கிளீனரின் 5.33 பதிப்பில் 2017-இல் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே தீநிரல் கலந்து போனது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இறங்கியது. சுத்தம் செய்ய வந்தவரே அழுக்கைக் கொண்டுவந்த கதை. டிரைவர் அப்டேட்டர் நன்றாக ஓடும் டிரைவரை எடுத்துவிட்டுப் பொருந்தாததைப் போடும். டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள்.

உள்ளே இருப்பதே போதும். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' தற்காலிகக் கோப்புகளைக் கழிக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் அது காலி செய்யலாமா என்று கேட்கும் இடத்தில் 'நெவர்' வையுங்கள். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் பிரிண்டர் உதவியாளர், மீட்டிங் ஆப் போன்றவற்றை அணையுங்கள். எஸ்எஸ்டியை எந்த வெளிக் கருவியாலும் டிஃப்ராக் செய்யாதீர்கள். சுற்றும் தட்டு இல்லாததில் வரிசைப்படுத்தி ஆதாயமில்லை, எழுதும் ஆயுள்தான் குறையும். விண்டோஸின் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' எஸ்எஸ்டி என்று தெரிந்துகொண்டு வாராவாரம் டிரிம் (நீக்கிய கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) செய்யும், அதை அணைக்க வேண்டாம். 500 ஜிபியில் குறைந்தது ஐம்பது ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும்.

வெளியிலிருந்து ஒன்றே ஒன்று: கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. அதன் 'ஸ்டாண்டர்டு' பதிப்பை, நிறுவத் தேவையில்லாத ஜிப் கோப்பாக எடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை. ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசி எண்கள் எல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 பூஜ்யத்தை விட்டு ஏற ஆரம்பித்தால் படிக்க முடியாத இடங்கள் உருவாகிவிட்டன என்று பொருள். அன்றைக்கே நகலெடுங்கள், ஸ்கேன் எதுவும் ஓட்டி அந்த டிஸ்க்கை மேலும் வதைக்காதீர்கள். உங்கள் இப்போதைய டிஸ்க்கில் இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மஞ்சள் காட்டினால் மேலே சொன்ன வேலைகளில் நகலெடுப்பது முதலாவதாக வரும், டேலி லைசென்ஸ் அப்புறம்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும். வெள்ளிக்கிழமை இரவு வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து, நகலில் நாலு கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். டேலியைச் சரண்டர் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலால் விண்டோஸ் 10 யுஎஸ்பி ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கடையில் எஸ்எஸ்டியையும் ராமையும் மாட்டச் சொல்லி, உங்கள் யுஎஸ்பியைக் கொடுத்து அதிலிருந்தே நிறுவச் சொல்லுங்கள். துவக்க மெனுவுக்கு லெனோவோ, டெல், ஏசரில் எஃப்12, எச்பியில் எஃப்9. விண்டோஸ் அப்டேட் முழுதும் முடிந்த பிறகு பிரிண்டர் டிரைவர், டேலி, எழுத்துருக்கள் என்ற வரிசையில் ஏற்றுங்கள். கடைசியாக இஎஸ்யுவில் சேருங்கள். அன்றாட வேலைக்கு மகளுக்கும் உங்களுக்கும் நிர்வாகி உரிமை இல்லாத தனித்தனிக் கணக்கு உருவாக்கிவிடுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஃபார்மேட் செய்யாமல் மூன்று மாதம் அலமாரியில் வையுங்கள், நகலெடுக்க மறந்த கோப்பு ஒன்று கட்டாயம் நினைவுக்கு வரும். அதன் பிறகு ஒரு யுஎஸ்பி உறை வாங்கி மாட்டினால் இரண்டாம் பேக்கப்பாக ஓடும். ஒன்பது வருடம் சுற்றிய டிஸ்க் அது, ஒரே பேக்கப்பாக மட்டும் அதை நம்ப வேண்டாம்.